விசை யார் கையில்?

(பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்கம்பத்தின் உச்சியில், இடுப்பிலே கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்யும் கம்பியாளரைக் கண்டிருப்பீர்கள். கண்டு, என்ன துணிவு இவருக்கு என்று வியந்தும் இருப்பீர்கள். துணிவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெறுந்துணிவை நம்பி எவரும் தம் உயிரைக் கம்பத்தின் உச்சியிலே கொண்டுபோய் வைப்பதில்லை. அவர் ஏறுவதற்கு முன்பு ஒரு காரியம் நடக்கிறது. துணை மின் நிலையத்தில் பணியில் இருப்பவரிடம் 'எல்.சி.' கேட்கிறார், லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. அங்கே இருப்பவர் அந்தப் பாதையின் மின்சாரத்தை நிறுத்துகிறார். யார் கேட்டார், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு என்று பதிவேட்டிலே எழுதுகிறார். வேலை முடிந்து, கேட்டவரே 'முடிந்தது, ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்' என்று சொல்லித் திருப்பித் தரும்வரை அந்த விசையை எவரும் தொடக் கூடாது. மேலதிகாரி அதட்டினாலும் கூடாது. ஊரே இருட்டில் இருந்து ஏசினாலும் கூடாது!

பதிவேட்டில் உள்ள ஒரு பெயரை நம்பித்தான், தோழர்களே, அந்தத் தொழிலாளி ஏறுகிறார். அந்தப் பெயருக்கு உரியவர் கைதவறினால், அவரை நிறுத்தி வைத்துக் கேட்க முடியும். அவரும் மறுநாள் அதே ஊரிலே, அதே மக்கள் முகத்தில் விழித்தாக வேண்டும்.

அந்தப் பெயர் இருக்கிற இடத்தில் ஒரு இயந்திரத்தை அமர்த்தலாம் என்ற பேச்சு இன்று உலகெங்கும் எழுந்திருக்கிறது. வெறும் இயந்திரம் அன்று. தானே பார்த்து, தானே தீர்மானித்து, தானே செய்து முடிக்கும் இயந்திரம். செயற்கை நுண்ணறிவு என்று பெயர். மின்சாரம், குடிநீர், இரயில், விமானம், மருத்துவமனை எதுவாயினும், அதன் விசையை இதன் வசம் ஒப்படைத்துவிடுங்கள், இது உறங்காது, சம்பளம் கேட்காது, சங்கம் சேராது என்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை வெளியே சொல்ல மாட்டார்கள். கணக்குப் போடும் போது மட்டும் சேர்த்துக் கொள்வார்கள்!

இதை எடுத்துச் சொன்னால் உடனே ஏளனம் வரும். "இயந்திரம் என்றாலே இவர்களுக்கு அச்சம், மாட்டுவண்டிக் காலத்தவர்கள்" என்பார்கள். நாம் இயந்திரத்தின் எதிரிகள் அல்லர். மின்பாதையிலே பழுது நேர்ந்தால் கண் இமைப்பதற்குள் பாதையைத் துண்டிக்கும் ரிலே என்னும் காவல் கருவி, துணை மின் நிலையந்தோறும் இருக்கிறது. அந்த வேலையை மனிதனைச் செய்யச் சொல்வது மடமை. அவன் கையைத் தூக்குவதற்குள் மின்மாற்றி எரிந்திருக்கும். ஆனால் ரிலே என்ன செய்யும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. இன்ன அளவு மின்னோட்டம் வந்தால் இன்ன நேரத்தில் துண்டிக்க வேண்டும் என்று பொறியாளர் அளந்து வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் சோதித்தும் பார்க்கிறார். அது சேவகன். சேவகனுக்கும் எசமானனுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறியாதவர்களா?

நடந்த கதைகளைச் சொல்கிறேன். ஓஹையோவிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஓஹையோ மாநிலத்திலே ஆக்ரன் என்றொரு நகரம். அங்கே ஒரு தனியார் மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், பிற்பகல் 2.14 மணி. மின்பாதைகளில் எங்கே கோளாறு என்றாலும் மணியடித்துத் தெரிவிக்கும் கணினி நிரல், சொல்லாமல் கொள்ளாமல் செயலிழந்து போயிற்று. செயலிழந்துவிட்டேன் என்று அறிவிக்கும் ஏற்பாடு அதனிடம் இல்லை. அறையிலே அமைதி. அமைதியைக் கண்டவர்கள் என்ன எண்ணுவார்கள்? எல்லாம் நலம் என்றே எண்ணினார்கள்.

2.32க்குப் பக்கத்து நிறுவனத்திலிருந்து தொலைபேசி வருகிறது. "உங்கள் பாதை ஒன்று துண்டித்து மீண்டும் சேர்ந்ததே, என்ன செய்தி?" என்று கேட்கிறார்கள். இவர் திரையைப் பார்க்கிறார். திரையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றே பதில் சொல்கிறார். வெளியே இருந்த மனிதன் உண்மையைச் சொல்கிறான், உள்ளே இருந்த இயந்திரம் மௌனம் சாதிக்கிறது; நம்பிக்கை இயந்திரத்தின் பக்கம்! 3.05க்கு ஒரு பெரும் மின்பாதை, வெட்டாமல் வளரவிட்ட மரத்திலே உரசித் துண்டித்துக்கொள்கிறது. 3.32க்கு இன்னொன்று, 3.41க்கு மற்றொன்று. கணினிப் பிரிவினர் 3.08க்கு இயந்திரத்தை மீண்டும் இயக்கினார்கள். மணியடிக்கும் நிரல் பிழைத்ததா என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு போதாதென்று, அந்த வட்டாரம் முழுவதையும் மேற்பார்வையிடும் அமைப்பிலே வேறொரு கணினி. மின்கட்டமைப்பின் நிலையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணித்துச் சொல்வது அதன் வேலை. அன்று நண்பகலில் அதில் ஒரு பிழை. திருத்துவதற்காகத் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்தினார் ஓர் ஊழியர். பிழையைத் திருத்திவிட்டார். திரும்பவும் முடுக்கிவிட மறந்து பகல் உணவுக்குப் போய்விட்டார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவரைத் தூக்கிலிட்டு என்ன பயன்? ஒரு மனிதன் சோறுண்ணப் போவதைத் தாங்காத ஏற்பாட்டைச் செய்து வைத்தவர் யார் என்பதல்லவா கேள்வி!

4.10 மணிக்குத் தொடங்கிய சரிவு சில நிமிடங்களில் முடிந்தது. எட்டு மாநிலங்கள், கனடாவின் ஒண்டாரியோ, ஏறக்குறைய 5 கோடி மக்கள் இருட்டிலே. நியூயார்க்கில் சுரங்க இரயில்கள் நடுவழியில் நின்றன. பிறகு வல்லுநர்கள் அந்த நிரலைப் பல வாரங்கள் துருவி ஆராய்ந்தே பிழையைக் கண்டார்கள். இரண்டு வேலைகள் ஒரே நொடியில் ஒரே இடத்தைத் தொட முயன்றதால் விளைந்த பிழை. இலட்சக்கணக்கான வரிகளுக்குள்ளே ஒளிந்திருந்தது.

அது மனிதர்கள் வரிவரியாக எழுதிய நிரல். அதனால், பல வாரம் ஆயினும், தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அப்படி எழுதப்பட்ட வரிகள் இல்லை. கோடானுகோடி எழுத்துகளையும் எண்களையும் ஊட்டிப் பழக்கி எடுக்கிறார்கள். உள்ளே இருப்பவை பல்லாயிரங்கோடி எண்கள். ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்டால் அழகாக ஒரு காரணம் சொல்லும். அந்தக் காரணத்தால்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டதா என்பதை அதைச் செய்தவர்களாலேயே உறுதிகூற இயலவில்லை. விசாரணைக் குழு அமைத்தால் குழு எதைத் துருவும்?

இன்னொரு கதை, இது இரத்தம் சிந்திய கதை. போயிங் நிறுவனத்தின் 737 மேக்ஸ் விமானம். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே எழுந்தால், தானாகவே கீழே அழுத்தும் நிரல் ஒன்றை அதில் வைத்தார்கள். விமானம் சாய்ந்துள்ள கோணத்தை அளக்கும் உணர்கருவிகள் இரண்டு இருந்தன. நிரல் கேட்டதோ ஒன்றின் பேச்சை மட்டும். அந்த ஒன்று பொய் சொன்னது. 2018 அக்டோபர் 29ஆம் நாள் இந்தோனேசியாவில், விமானி மேலே இழுக்க, நிரல் கீழே தள்ள, அவர் இழுக்க, அது தள்ள, கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். அப்படி ஒரு நிரல் இருப்பதையே விமானிகளின் கையேட்டில் எழுதவில்லை! முகந்தெரியாத எதிரியோடு மல்லுக்கட்டிச் செத்தார்கள் அவர்கள். 2019 மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பியாவில் மீண்டும் அதுவே, 157 பேர். இம்முறை விமானிகளுக்கு நிரலைப் பற்றித் தெரியும். அதன் விசையை அணைத்தும் பார்த்தார்கள். அணைத்தபின் கையால் திருப்ப வேண்டிய சக்கரம் அசைய மறுத்தது. விசை இருந்தது, தோழர்களே. அணைத்தபின் பற்றிக்கொள்ளப் பயன்படும் கைப்பிடி இல்லை.

இந்த இடத்திலே எதிர்வாதம் ஒன்று எழும், எழுவதும் நியாயம். "மனிதன் மட்டும் தவறு செய்வதில்லையா? 2012ஆம் ஆண்டு இந்தியாவையே இருட்டில் ஆழ்த்தியது எந்தச் செயற்கை நுண்ணறிவு?" என்று கேட்பார்கள். நன்றாகக் கேட்கட்டும். 2012 ஜூலை 30ஆம் நாள் வட இந்தியாவில் மின்கட்டமைப்பு சரிந்தது. மறுநாள் வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து சரிந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு. இரயில்கள் நின்றன, நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளே தொழிலாளர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். மாநிலங்கள் தமக்குரிய அளவை மீறி மின்சாரம் எடுத்தது ஒரு காரணம். மனிதர் குற்றம்தான், ஒளிக்கவில்லை. ஆனால் பினா-குவாலியர் பாதையைக் கடைசியில் துண்டித்தது எது? ரிலே. அங்கே பழுது ஏதும் இல்லை; சுமைதான் மிகுந்திருந்தது. சுமையைப் பழுதென்று எடுத்துக்கொண்டு துண்டித்தது அந்தச் சேவகன். ஒரு கட்டளை மட்டும் அறிந்த சேவகனே ஒருமுறை இப்படிப் பிறழ முடியுமானால், ஆயிரம் கட்டளைகளைத் தானே புனைந்துகொள்ளும் ஒன்றை எப்படி அங்கே அமர்த்துவது?

அந்த இரண்டு நாளும் நம் தென்னாடு தப்பியது. ஏன் தப்பியது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அப்போது தென்மண்டலக் கட்டமைப்பு வடக்கோடு ஒரே துடிப்பில் இணைக்கப்படவில்லை. மின்சாரம் இடையே கைமாறும், ஆனால் அங்கே விழுந்தால் இங்கே இழுக்காது. 2013 டிசம்பர் 31ஆம் நாள்தான் ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாக இணைத்தார்கள். இணைப்பால் பயன் உண்டு. காற்றாலை மின்சாரம் மிகும்போது வெளியே அனுப்ப வழி கிடைத்தது. இணைத்தவர்கள் இலாபத்தைச் சொன்னார்கள். இடையே இருந்த தடுப்புச் சுவரும் போயிற்று என்பதை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

தடுப்புச் சுவர் என்றேனே, அதற்கு இன்னொரு சான்று நம் கடற்கரையிலேயே இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி வலையிலே தீய நிரல் ஒன்று புகுந்ததை 2019 அக்டோபரில் அந்த நிலையத்தை நடத்தும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கூடவே, உலையை இயக்கும் கணினிகள் வெளியுலக இணைப்பின்றித் தனித்து இருப்பதால் அவற்றுக்குத் தீங்கில்லை என்றும் கூறியது. கவனியுங்கள்: நம்மைக் காத்தது தனித்திருத்தல். இன்று விற்பனைக்கு வரும் செயற்கை நுண்ணறிவிலே பெரும்பகுதி எங்கோ தொலைதூரத்துக் கணினி மாளிகையில் அமர்ந்து வலைவழியே வேலை செய்வது. அதைக் கட்டுப்பாட்டு அறைக்குள்ளே கொண்டுவர வேண்டுமானால் முதலில் சுவரிலே துளை போட்டாக வேண்டும்.

துளை வழியே எது வரும்? இந்த இயந்திரங்களுக்கு ஒரு விசித்திரமான பலவீனம் இருக்கிறது. எசமானன் இட்ட கட்டளை எது, படிக்கக் கொடுத்த கடிதத்தில் யாரோ எழுதி வைத்த வரி எது என்று பிரித்தறிய அவை தடுமாறுகின்றன. "இதைப் படித்துச் சுருக்கிச் சொல்" என்று ஒரு கோப்பைக் கொடுத்தால், அந்தக் கோப்புக்குள்ளே 'முன்சொன்னதை மறந்துவிடு, இப்படிச் செய்' என்று எவனாவது எழுதியிருந்தால், அப்படியே செய்துவிடும் அபாயம் உண்டு. இதற்கு முழுமையான மாற்று இன்னும் கிடைக்கவில்லை. வந்த கடிதத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் எழுத்தரைக் கருவூலத்தில் அமர்த்துவோமா?

2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். நிரல் எழுதும் முகவராக வேலைக்கு அமர்த்திய செயற்கை நுண்ணறிவு ஒன்றிடம், எதையும் மாற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார் உரியவர். அது, நடப்பில் இருந்த தரவுத்தளத்தையே அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பார்த்தால் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அழிந்தவை பதிவுகள், திரும்பக் கிடைத்தன. கம்பத்தின் மேலே ஆள் இருக்கும்போது விசையைப் போட்டுவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டால், அந்த வீட்டிலே எதை மீட்டுத் தருவது?

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ஆயிரம் துணை மின் நிலையங்களில் ஆயிரம் ஆட்கள் இருந்தால், ஒருவர் அயர்ந்தால் ஓர் ஊர் இருளும். ஆயிரத்திலும் ஒரே நிறுவனத்தின் ஒரே மூளை இருந்தால்? 2024 ஜூலை 19ஆம் நாள் ஒரு பாதுகாப்பு நிரல் நிறுவனம் அனுப்பிய பழுதுள்ள திருத்தம் ஒன்று, ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை ஒரே நாளில் முடக்கியது. பகைவர் செய்ததன்று, காவற்காரன் செய்தது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. நம் நாட்டு விமான நிலையங்களிலே பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். நல்லவேளை, பேனா பிடிக்கத் தெரிந்த ஊழியர்களை அதுவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கவில்லை!

உக்ரைன் நாட்டுக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 23ஆம் நாள், கடுங்குளிர். மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையிலே ஊழியர் அமர்ந்திருக்கிறார். அவர் கண் எதிரே திரையிலே அம்புக்குறி தானாக நகர்கிறது. இவர் கை அதிலே இல்லை. ஊடுருவிய பகைவர் எங்கிருந்தோ ஒவ்வொரு பிரேக்கராகத் திறந்துகொண்டே போகிறார்கள். இவர் தடுக்க முயன்றால் இவரையே வெளியேற்றுகிறது கணினி. மூன்று நிறுவனங்கள், ஏறக்குறைய 2,25,000 நுகர்வோர் இருளில். போகும்போது துணை மின் நிலையக் கருவிகளின் உள்நிரலையும் சிதைத்துவிட்டுப் போனார்கள், தொலைவிலிருந்து சீர்செய்ய முடியாதபடி.

ஆனால் சில மணி நேரத்திலே விளக்கு எரிந்தது! எப்படி? ஊழியர்கள் வண்டி ஏறி, பனியிலே, நிலையம் நிலையமாகப் போய், பிரேக்கரைக் கையால் மூடினார்கள். முழுதும் தானியங்கியாக மாறாத பழைய கட்டமைப்பு அது. கையால் இயக்கும் வழி இருந்தது, இயக்கத் தெரிந்த கையும் சம்பளப் பட்டியலில் இருந்தது. மிக நவீனமான நாடுகளிலே இதே தாக்குதல் நேர்ந்திருந்தால் இவ்வளவு விரைவில் மீண்டிருப்பார்களா என்று வல்லுநர்களே ஐயம் எழுப்பினார்கள்.

"அவசரத்துக்கு மனிதன் இருப்பான், மேற்பார்வை பார்ப்பான்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. இலிசான் பெயின்பிரிட்ஜ் என்ற அம்மையார், தொழிற்சாலைத் தானியங்கிகளை ஆராய்ந்த உளவியலார், 1983ஆம் ஆண்டிலேயே இந்த ஆறுதலை உடைத்துக் காட்டினார். எளிய வேலைகளை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரம் கைவிடும் கடினமான நேரத்தை மட்டும் மனிதனுக்கு வைக்கிறார்கள். நாள்தோறும் செய்யாத வேலையை அந்த நேரத்தில் அவன் எப்படிச் செய்வான் என்று கேட்டார். பத்தாண்டு நீந்தாதவனை வெள்ளத்திலே இறக்குவது போலத்தான். மூழ்கினால், பழி அவன் தலையில்.

சட்டம் என்ன செய்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம், மின்சாரம், குடிநீர், எரிவாயு, சாலைப் போக்குவரத்து ஆகியவற்றின் பாதுகாப்பில் இடம்பெறும் செயற்கை நுண்ணறிவைப் பேரபாயப் பட்டியலில் சேர்த்தது. மனிதன் மேற்பார்வையிடவும் நிறுத்தவும் வழி வேண்டும் என்றது. நன்று. ஆனால் 2025 நவம்பரில், அந்தப் பேரபாயப் பிரிவின் கடமைகளைத் தள்ளிவைக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. சட்டம் போடும் கையும் தள்ளிப்போடும் கையும் ஒரே உடம்பில் இருக்கிறது!

ஆகவே, செயற்கை நுண்ணறிவே வேண்டாம் என்று தீர்மானம் போடச் சொல்லி நான் வரவில்லை. நாளைய காற்று எவ்வளவு, மின்தேவை எவ்வளவு என்று கணித்துச் சொல்லட்டும், எந்த மின்மாற்றி பழுதாகும் அறிகுறி தெரிகிறது என்று காட்டட்டும், வரவேற்போம். சொல்லட்டும், செய்வது பெயருள்ள மனிதனாக இருக்கட்டும். ஒப்பந்தப் புள்ளி கோரும் அறிவிப்பிலே அந்த வரி இருக்கிறதா என்பதுதான் போராட்டம். ஏனெனில் விசை கைமாறுவது சட்டமன்றத்தில் முரசறைந்து நடக்காது. ஒப்பந்தத்தின் நாற்பதாம் பக்கத்தில், 'இயக்கத் திறன் மேம்பாடு' என்ற தலைப்பின்கீழ் நடக்கும். அடுத்த ஆண்டு காலிப் பணியிடங்கள் நிரப்பப்படா. அதற்கடுத்த ஆண்டு பணியிடமே இராது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலே ஒரு துணை மின் நிலையத்துக்கோ குடிநீரேற்று நிலையத்துக்கோ போய், அங்கே பணிபுரிவோரைக் கண்டு பேசுங்கள். கணினி முழுவதும் நின்றுவிட்டால் கையால் இயக்க வழி இருக்கிறதா? இயக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்கள் எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்கள்? கடைசியாக எப்போது கையால் இயக்கிப் பார்த்தார்கள்? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக் கொண்டுவாருங்கள். அவர்களுடைய வேலை நேரத்தைக் கெடுக்காமல், முறை மாறும் நேரம் பார்த்துப் போங்கள், எல்.சி. கொடுத்திருக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், வெளியே கம்பத்தின் மேல் ஓர் ஆள் இருப்பார்.